ஐம்பதுக்கு இருபத்தேழு

பியரை ருசித்து மார்க் போடுகிறவன் நான் என்று சொன்னால் எழுத்தாளர்கள் மத்தியில் இரண்டு வகைச் சிரிப்பு எழும். குடிப்பதற்கு இப்படியும் ஒரு சாக்கா என்கிற சிரிப்பு ஒன்று. குடியைக்கூடப் பரீட்சையாக்கிவிட்டாயே என்கிற சிரிப்பு மற்றது. இரண்டாவதை நான் மதிக்கிறேன். நம்மிடையே குடி பற்றிய பேச்சு பிரதாபமாகவோ பாவமன்னிப்பாகவோதான் இருந்து வந்திருக்கிறது. யார் எவ்வளவு குடித்தான், குடித்துவிட்டு யாரைத் திட்டினான் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். குடித்தது என்ன ருசியாக இருந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. பழந்தமிழில் கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி என்று சொற்கள் இருந்தன. தெளிந்தது தேறல், வீட்டில் அரிசியில் ஆக்கியது தோப்பி. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு தனி நாக்கு இருந்திருக்க வேண்டும். நாக்கு போய்விட்டது, சொல் அகராதியில் கிடக்கிறது.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக இருப்பது அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகருக்கு வெளியே. இந்த நாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுவது மத்திய சட்டப்படி குற்றமில்லை என்று ஆனது 1979 பிப்ரவரியிலிருந்துதான். 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அது. வயது வந்தவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக்கூடாது. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் சிறுமது ஆலைகளில் பலவற்றுக்கு ஆரம்பம் இப்படிப்பட்ட கராஜ்களும் சமையலறைகளும்தான். சிறு பத்திரிகைக்காரர்களான நமக்கு இதில் விசேஷமாக விளக்க ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாருக்கும் பிடிக்கும்படி, அதாவது யாருக்கும் பிடிக்காமல் போகாதபடி, ஒரே வெளிறிய பியரைச் செய்துகொண்டிருந்தார்கள். அது போதாது என்று சிலருக்குத் தோன்றியது.

காய்ச்சுகிறவர்கள் பெருகியதும் தீர்ப்புச் சொல்கிறவர்களும் தேவைப்பட்டார்கள். 1985-ல் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துத் தகுதி தரும் அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. பி.ஜே.சி.பி. என்பது சுருக்கப் பெயர். அந்தப் பரீட்சையை நான் எழுதித் தேறினேன். 50 மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் அது உட்காரும் விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு 3 மட்டுமே என்பதை இந்த அமைப்பின் தலைசிறந்த விமர்சனக் கொள்கையாக நான் கருதுகிறேன். 21-லிருந்து 29 வரை 'நன்று'. 30-லிருந்து 37 வரை 'மிக நன்று'. 45-க்கு மேல் அபூர்வம். இத்தனை வருஷங்களில் நான் மூன்று முறை கொடுத்திருக்கிறேன்.

போட்டி நாளில் நடப்பது இது. ஒரு மேஜைக்கு இரண்டு நடுவர்கள். முன்னால் தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, பென்சில். புட்டியில் லேபிள் இருக்காது, ஒரு எண் மட்டும் இருக்கும். மூடியில் ஏதாவது அச்சிட்டிருந்தால் அதையும் கறுப்பு மையால் அடித்துவிடுவார்கள். ஊற்றியவுடன் முதலில் முகர வேண்டும், ஏனென்றால் சில மணங்கள் அரை நிமிஷத்தில் பறந்துவிடும். அப்புறம் பார்க்க வேண்டும். அப்புறம்தான் வாய். ஒயின்காரர்கள் மாதிரி துப்புவதில்லை. பியரின் கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுதாகத் தெரியும். இருவரும் பேசாமல் எழுதி முடித்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். மார்க்குகள் வெகுவாக விலகியிருந்தால் பேசி நெருங்க வேண்டும். எழுதிய தாள், நடுவரின் பெயரோடு, காய்ச்சியவருக்குப் போய்ச் சேரும். அதாவது காய்ச்சியவர் யார் என்று நடுவருக்குத் தெரியாது, நடுவர் யார் என்று காய்ச்சியவருக்குத் தெரியும். நம் விமர்சனச் சூழலில் நிலைமை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். அங்கே எழுதியவரைத் தெரியும், புனைபெயரில் திட்டுகிறவரைத் தெரியாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நடுவர் தனக்குப் பிடித்ததா என்று பார்க்கக்கூடாது. அந்த வகைக்கு அது நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வகைகள் நூற்றுக்கு மேல், 2021-ம் வருஷத்துப் பதிப்பில் 34 பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெண்ணெய் வாசம் ஜெர்மன் பில்ஸ்னரில் வந்தால் குற்றம். செக் நாட்டு லாகரில் லேசாக வந்தால் மன்னிப்பு உண்டு. புளிப்பு பெரும்பாலான வகைகளில் கெட்டுப்போனதன் அடையாளம், பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக்கில் அதுவே உயிர். அங்கே காய்ச்சிய சாற்றை அகலமான தாம்பாளம் போன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்து, காற்றில் வருகிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில். மற்ற ஆலைக்காரன் கனவில் கண்டு அலறும் கிருமிகளை இவன் விருந்துக்கு அழைக்கிறான்.

இந்த வகைப் பிரிவுகளை நமக்குத் தந்ததில் பெரும் பங்கு மைக்கேல் ஜாக்ஸனுக்கு. பாடகர் அல்ல, 1942-ல் பிறந்து 2007-ல் இறந்த ஆங்கிலப் பத்திரிகையாளர். 1977-ல் அவர் வெளியிட்ட உலக பியர் வழிகாட்டிதான், பியர் என்பது ஒன்றல்ல, ஊருக்கும் தண்ணீருக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி பலவாகக் கிளைத்தது என்று ஒழுங்காகச் சொன்னது. அவர் ஊர் ஊராய்ப் போய்க் கண்டதை எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கினார்கள். இலக்கணம் இப்படித்தான் உண்டாகிறது என்று தோன்றுகிறது. ஒருவன் பார்த்து வியந்ததை இன்னொருவன் விதியாக எழுதி வைக்கிறான். மூன்றாமவன் அந்த விதியை வைத்து மார்க் குறைக்கிறான். அந்த மூன்றாமவன்தான் நான்.

பெயர்கள் படுத்தும் பாட்டுக்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1986-ல் போர்ட்லாந்தின் விட்மர் சகோதரர்கள் வடிகட்டாத கோதுமை பியர் ஒன்றைச் செய்து அதற்கு ஹெஃபவைஸன் என்று ஜெர்மன் பெயர் வைத்தார்கள். கலங்கலாக, எலுமிச்சைத் துண்டோடு, நன்றாகவே இருக்கும். ஆனால் பவேரியாவில் அந்தப் பெயருள்ள பியரின் ஆதாரமான வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் அதில் இல்லை, ஏனென்றால் ஈஸ்ட் வேறு. இந்த ஊர்க்காரர்களுக்கு ஹெஃபவைஸன் என்றால் இன்றும் பலருக்கு அதுதான். அசலைக் கொடுத்தால் கெட்டுவிட்டதோ என்று கேட்கிறார்கள். புதுக்கவிதை என்ற பெயரில் நமக்குக் கிடைத்துக்கொண்டிருப்பவற்றை நினைத்துக்கொள்வேன்.

என் பிரச்னை வேறொன்று: சொற்கள். பயிற்சியில் சாதாரண பியரில் ஒவ்வொரு குற்றத்தையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து கொடுத்து முகரச் சொல்வார்கள். இது வேகவைத்த சோளம், இது நறுக்கிய பச்சை ஆப்பிள், இது நனைந்த அட்டை. வெயில் பட்ட புட்டிக்கு ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம். அந்தப் பிராணியை நான் முதலில் முகர்ந்தது இந்த ஊர் நெடுஞ்சாலையில் ஒரு ராத்திரி, அதுவும் செத்த பிறகு. லாம்பிக்குக்கு 'குதிரை மேல் போர்த்திய கம்பளி' என்று எழுத வேண்டும். நான் எழுதினேன், பத்து வருஷம் எழுதினேன். குதிரை மேல் போர்த்திய கம்பளியை நான் முகர்ந்ததே கிடையாது. மற்றவர்கள் எங்கே அந்த வார்த்தையைப் போடுகிறார்கள் என்று பார்த்துப் போடக் கற்றுக்கொண்டேன். சரியாகவே போட்டேன், அதுதான் விஷயம். அனுபவமே இல்லாமல் ஒரு சொல்லைச் சரியான இடத்தில் வைக்க முடியும் என்பதை விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் தாளின் ஓரத்தில், எனக்காக மட்டும், தமிழில் பென்சிலால் குறித்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஈர சாக்கு. நேற்றைய மாவு. வெல்லப்பாகு, கம்பிப் பதம் தாண்டியது. இவர்கள் 'வாழைப்பழம்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள், கடையில் கிடைப்பது ஒரே பழம் என்பதால். தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அது எப்படிப் போதும்? பூவனா, ரஸ்தாளியா, நாட்டுப் பழமா? காலையில் பழுத்ததா, ஈ மொய்க்க ஆரம்பித்ததா? எழுதி முடித்ததும் ஓரக் குறிப்பை ரப்பரால் அழித்துவிடுவேன்.

2022 செப்டம்பரில் ஒரு கிளப் போட்டி. எனக்கு வந்தது பவேரிய வகைக் கோதுமை பியர், பத்துப் புட்டிகள். இந்த வகை பார்க்க எளிது, செய்வது கடினம். தானியத்தில் பாதிக்குக் குறையாமல் கோதுமை மால்ட் என்பது ஜெர்மன் விதி. வாழை மணமும் கிராம்பு மணமும் வெளியிலிருந்து சேர்ப்பதல்ல, இரண்டும் ஈஸ்ட்டின் வேலை. தானியத்தை ஊறவைக்கும்போது 44 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் நிறுத்தினால், ஃபெருலிக் அமிலம் கூடுதலாக விடுபட்டு, பின்னால் ஈஸ்ட் அதைக் கிராம்பு வாசமாக மாற்றும். நொதிக்கும்போது சூடு ஏறினால் வாழை ஏறும். இன்னும் ஏறினால் நகப்பூச்சு வாசமும் சாராய எரிச்சலும். இரண்டு மணத்துக்கும் நடுவே ஒரு தராசு. அது நிற்கும் இடம் மிகச் சிறியது.

ஏழாவது புட்டி. நுரை அழகாக நின்றது. முகர்ந்ததும் வாழை எழுந்து வந்து மூக்கில் அறைந்தது. கிராம்பைத் தேட வேண்டியிருந்தது. இரண்டாவது வாயில் நகப்பூச்சு. தொண்டையில் சூடு. ஆங்கிலத்தில் நான் எழுதியது கண்ணியமானது: 'கவர்ச்சியான பழ மணம்; ஆனால் மற்றவற்றை மறைக்கிறது. குறைந்த வெப்பத்தில் நொதிக்க வைத்துப் பார்க்கவும்.' நான் 26 போட்டேன், எதிரே இருந்தவர் 28. 27 என்று முடித்தோம். ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தேன்: 'கனிந்த பூவன், பிறகு நெயில் பாலிஷ். நடிக்கிறது.' அன்று பத்துப் புட்டிகளுக்குப் பிறகு கை அலுத்திருந்தது. அழிக்க மறந்துவிட்டேன்.

அந்தப் போட்டிக்குப் பியர் அனுப்பியவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். மூன்று கவிதைத் தொகுதிகள் வெளியிட்டவர். எனக்குப் பதினைந்து வருஷமாக நண்பர். திருவையாற்றுக்காரர். கராஜில் அவர் காய்ச்சுவார் என்று தெரியும், ஆனால் கறுப்பு ஸ்டவுட்தான் காய்ச்சுவார். கோதுமை பியர் பக்கம் போவார் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து டெலிபோன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "தாள் வந்துது. 27. சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நடிக்கிறதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வார்த்தை என் கவிதைக்கு ஏன் ஒரு தரம்கூட வரலை?"

நான் ஏதோ சொன்னேன். அது அழிக்க வேண்டிய குறிப்பு, அதிகாரபூர்வமானதல்ல என்று சொன்னதாக ஞாபகம். அவர் சிரித்தார். "அதனாலதான் கேக்கறேன்" என்றார்.

அன்று இரவு அவருடைய மூன்று தொகுதிகளுக்கும் நான் எழுதிய மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தேன். 'கவனத்துக்குரிய', 'நுட்பமான', 'தனித்துவமான தொனி', 'இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டும்'. மூன்றிலும் 'தனித்துவமான தொனி' இருந்தது. குதிரைக் கம்பளிதான். ஒன்றில்கூடக் கவிதையை வாயில் போட்டுக்கொண்டவன் எழுதியதாக ஒரு வாக்கியம் இல்லை. அவருடைய கவிதைகள் மோசமானவை என்று நான் சொல்லவரவில்லை. சில உண்மையிலேயே நல்ல கவிதைகள். ஆனால் கடைசி வரிகளில் அவர் திரும்பி நின்று வாசகனைப் பார்ப்பார், விளக்கு எங்கே விழுகிறது என்று தெரிந்த நடிகனைப் போல. இது எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். எழுதினால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கெடும். இருநூறு பேர் படிக்கிற பத்திரிகையில், அவர்களில் ஐம்பது பேர் ஒருவரையொருவர் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவர்களாக இருக்கும்போது, எழுத்தைப் பற்றி மட்டும் எப்படி எழுதுவது? ஊரார் மொத்தமாகப் போடும் மார்க் இதற்கு மாற்றாகுமா என்றால் அதுவும் இல்லை. 2005-ல் ஒரு இணைய மதிப்பீட்டில் பெல்ஜியத்து வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடத்துத் துறவிகளின் பியர் உலகத்திலேயே முதலாவது என்று வந்ததும், மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. அப்போது அந்தப் புட்டிகளில் லேபிள்கூட ஒட்டியிருக்கவில்லை. துறவிகள் கூடுதலாகக் காய்ச்ச மறுத்துவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் ருசிக்க வந்தார்கள், எத்தனை பேர் ஒன்றாம் எண்ணைக் குடிக்க வந்தார்கள் என்பது தனிக் கேள்வி.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கராஜில் உட்கார்ந்தோம். அப்போது அவர் சொன்னது எனக்குப் புதிது. சூடு தவறி ஏறவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் கராஜ் 27 டிகிரியில் கொதிக்கும்போது வேண்டுமென்றே வைத்தாராம். திருவையாற்றில் அவருடைய தாத்தா வாழைத் தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்த அறை ஒன்று இருந்தது. கதவைத் திறந்ததும் புகையும் பழமும் சேர்ந்து முகத்தில் மோதும். அந்த அறை இப்போது இல்லை. அதைப் புட்டியில் கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன் என்றார்.

இதைக் கேட்ட பிறகு மார்க்கைத் திருத்துவதா? எண்ணிட்ட புட்டிக்குத் தாத்தா கிடையாது, அறை கிடையாது. இது தெரிந்திருந்தால் ஏழாவது புட்டியில் மூட்டத்தின் புகையை நான் முகர்ந்திருப்பேன், இல்லாத புகையை. 35 போட்டிருப்பேன். அவருடைய கவிதைகளில் நான் இத்தனை காலம் செய்துகொண்டிருந்தது அதுதான்: கவிதையில் வந்து சேராததை அவரை அறிந்த அறிவால் நிரப்பிப் படித்தேன். மிச்சமிருந்த ஒரு புட்டியைத் திறந்தார். எல்லாம் தெரிந்துகொண்டு குடித்தேன். அறைக்காக மனசு தவித்தது வாஸ்தவம். நாக்கு மட்டும் நகப்பூச்சு என்றது. அவரிடமே சொன்னேன். "ஆமா, அது வரலைதான்" என்றார்.

கண்ணைக் கட்டிக்கொண்டு கவிதை படிக்க முடியுமா என்று பேச்சு வந்தது. சில வாரம் கழித்து எட்டுக் கவிதைகளைத் தபாலில் அனுப்பினார். தனது கொஞ்சம், பிறருடையது கொஞ்சம், பெயர் இல்லாமல், ஒரே எழுத்துருவில். பலிக்கவில்லை. அவருடையதை இரண்டாவது வரியிலேயே கண்டுகொண்டேன், மூன்று கவிதைகள். மற்றவற்றில் இரண்டு யாருடையவை என்பதும் தெரிந்தது. ஒருவர் வாக்கியத்தை மடக்கும் இடம் அவருடைய கையெழுத்து, அதன் மேல் மை பூச முடியாது. மணத்துக்கு 12, ருசிக்கு 20 என்று போடுகிற யோசனையையும் முதல் கவிதையிலேயே கைவிட்டேன். ஆனால் பென்சிலை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலப் பகுதி இல்லாத தாள், முழுக்க ஓரக் குறிப்பு. இரண்டு கவிதைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மூன்றாவது, அவர் அம்மாவின் மரணம் பற்றியது. மூன்றில் சிறந்தது அதுதான். அதன் கடைசி மூன்று வரிகள் வேண்டியதில்லை, அம்மா அங்கே இல்லை, நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள் என்று எழுதினேன். எழுதிவிட்டு நான்கு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன்.

போட்ட பிறகு ஐந்து மாதம் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் இல்லை.

2023 ஜூனில் வந்தார், கையில் லேபிள் இல்லாத புட்டியோடு. சமையலறையில் நின்றபடியே திறந்து ஊற்றினார். கிராம்பு முன்னால் வந்தது, பின்னால் பழம், காலையில் பழுத்த ரஸ்தாளி. மார்க் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை எழுதுகிறேன் என்றபோது பெயர் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அன்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்படும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பியர்ல சூட்டைக் குறைச்சுட்டேன். 18 டிகிரி. அந்த மூணு வரி இருக்கட்டும்."